அடுத்து எது போகும்

பால் தீய்ந்து வீடெங்கும் நாறியபோது தீர்த்தகிரி அடுப்புக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சுகுணா ஓடிவந்து அடுப்பை அணைத்தாள்.

"ஏங்க, மூக்கு அடைச்சிருக்குதா?"

"என்ன வாசம்?" என்றார். டீசலில் கலப்படம் இருந்தால் மோந்தே சொல்லக்கூடிய மனிதர்.

தொப்பூர் கணவாயில் இருபத்தெட்டு வருஷம் கிரேன் ஓட்டியவர் அவர். கவிழ்ந்த லாரியைத் தூக்கி நிறுத்துவார். நசுங்கிய வண்டிக்குள் சிக்கியவர்களை வெளியே எடுப்பார். வீடு திரும்பினால் குளியல், சாப்பாடு, உறக்கம். பார்த்ததைப் பற்றி வாய் திறந்ததில்லை. அவளும் கேட்டதில்லை.

பால் தீய்ந்த அந்த வருஷமே கேட்டதையே கேட்க ஆரம்பித்தார். அடுத்த வருஷம் பாப்பாரப்பட்டி சந்தைக்குப் போனவர் வீடிருக்கும் இண்டூருக்குத் திரும்ப வழி தெரியாமல் ரோட்டோரம் நின்றுவிட்டார். யாரோ பைக்கில் கொண்டுவந்து விட்டார்கள். அதன் பிறகுதான் சேலத்துக்குக் கூட்டிப் போனாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். அல்சைமர் என்றாள். ஸ்கேன் படத்தில் விரல் வைத்துக் காட்டினாள்.

"ஞாபகத்தைச் சேர்த்து வெக்கிற இடம் இதுங்கம்மா. இங்கதான் ஆரம்பிக்குது. வாசனையும் இது வழியாத்தான் வரும். கெட்டுப்போன புரதம் ஒரு செல்லுல இருந்து, அதோட தொடர்புல இருக்கிற அடுத்த செல்லுக்குப் போகுது. கிட்ட இருக்குதா, தூரமான்னு பாக்காது. எந்த செல்லு எதோட பேசிக்குதோ அந்த வழியாவே போகும்."

"அடுத்து எது போகுங்க?"

"ஆளுக்கு ஆள் மாறும். பெரும்பாலும் வார்த்தைங்க. அப்புறம் முகம்."

கேட்டிருக்கவே கூடாது என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தாள். அன்றிலிருந்து வீட்டுக்குள் இன்னொருத்தர் நடமாடுவதுபோல் இருந்தது. அந்த ஆள் எந்தக் கதவைத் திறக்கப் போகிறாரென்று அவளுக்குத் தெரியும், என்றைக்கென்றுதான் தெரியாது. தினமும் காலையில் டம்ளரைத் தூக்கிக் காட்டி, "இது என்னங்க?" என்பாள். அவர் "டம்ளர்" என்றால் அன்றைய பொழுதுக்கு மூச்சு வரும். கார்த்திகை மாதம் ஒருநாள் "தண்ணி... தண்ணியோடது" என்றார். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றாள். அதற்குப் பிறகு எதையும் காட்டிக் கேட்கவில்லை.

தை பிறந்தது. ஒரு மத்தியானம் சோறு ஊட்ட உட்கார்ந்தவளை அவர் உற்றுப் பார்த்தார். சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாதம்மா. கைய வுட மாட்டேன்."

"யாருங்க பயந்தது? நான்தான், சுகுணா."

"அன்னிக்கு வுட்டுட்டேன். கைய புடிச்சிக்கங்கண்ணான்னு சொன்ன. நான் கிரேனுக்கு ஓடினேன். திரும்பி வர்றதுக்குள்ள..."

மாதக் கணக்கில் இத்தனை வார்த்தை அவர் சேர்ந்தாற்போல் பேசியதில்லை. கணவாயில் செத்துப்போன யாரோ ஒருத்தி இத்தனை வருஷமாக இந்த வீட்டிலேயே, தங்களுக்கு நடுவிலேயே படுத்துக் கிடந்திருக்கிறாள். கட்டினவள் முகம் போய்விட்டது. செத்தவள் மட்டும் போகவில்லை. முதலில் வந்தது கோபந்தான். கையை உருவப் பார்த்தாள். அவர் விரல்கள் இன்னும் இறுக்கிப் பிடித்தன.

உருவவில்லை.

"நீங்க வுடலீங்கண்ணா," என்றாள். கட்டினவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "என்னைய வெளிய எடுத்துட்டீங்க. நான் நல்லாத்தான் இருக்கிறேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிடி தளர்ந்தது.

"வூட்டுக்குப் போயிடு. தேடுவாங்க."

"போறேங்க. ஒரு வாய் சாப்புடுங்க."

சாப்பிட்டார். அதன்பின் அவர் கோர்வையாகப் பேசவில்லை; சித்திரைக்குள் பேச்சே நின்றுபோனது. செத்தவள் பெயரை சுகுணா கடைசிவரை தெரிந்துகொள்ளவில்லை. ஆனால் அவர் கை காற்றில் எதையோ தேடும்போதெல்லாம், யாராக நினைத்துத் தேடுகிறார் என்று யோசிக்காமல் தன் கையைக் கொடுத்துவிடுவாள்.