என் பட்டு கிழியவில்லை

ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன் நான். காஞ்சிபுரத்தில் இன்று பன்னிரண்டு தறி, கடை, மாடி வீடு எல்லாம் என் கையால் வந்தவை.

பேத்தி யாழினியைக் குழந்தைகள் அழகுப் போட்டிக்கு அனுப்ப மருமகள் ஆசைப்பட்டாள். "அஞ்சு வயசுக் கொழந்த மூஞ்சிக்கு மார்க் போடுவாங்களா?" என்று மகன் கத்தினான். "கூச்சம் போவட்டும்பா. உன்ன மாதிரி மூலையில குந்திக்கினு இருக்கணுமா?" என்றாள் அவள்.

நான் மருமகள் கட்சி. அகலமான ஜரிகைக் கரை வைத்து நானே பட்டு நெய்தேன். வளர்கிற பிள்ளை, அடுத்த வருடமும் உடுத்தட்டும் என்று பாவாடையை நீளமாகத் தைக்கச் சொன்னேன்.

மேடையில் சுற்றும்போது அது காலில் மாட்டி, குழந்தை விளிம்பிலிருந்து தலைகீழாகச் சரிந்தாள். முதல் வரிசையிலிருந்து பாய்ந்து பாவாடையைக் கொத்தாகப் பிடித்தேன். அசல் பட்டு, கிழியவில்லை. தரைக்கு ஒரு முழம் மேலே தொங்கியபடி, "தாத்தா, இன்னொரு வாட்டி!" என்று சிரிக்கிறாள்!

"இனிமே அவளா கேட்டாதான் மேடை" என்று கணவனும் மனைவியும் ஒத்துப்போனார்கள். நானும் குழந்தைப் பாவாடையைக் கணுக்காலுக்கு மேலேதான் தைக்கச் சொல்கிறேன்.

மருமகள் மட்டும் தெருவெல்லாம், "அம்மன் காப்பாத்திட்டா" என்கிறாள். சந்தோஷம். ஆனால் பிடித்த கை என்னுடையது. ஆசிரியரே, அதை உங்கள் பத்திரிகையிலாவது பெரிய எழுத்தில் போடுங்கள்.