அலைச் சத்தத்தை நிறுத்துக்கா!

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு கார்த்திகை மாதம். பழவேற்காடு ஏரிக்கரையில் இருந்த ஒரு சின்ன மருத்துவமனையில் நான் நர்ஸாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ரயில் நிற்கும் ஊரான மீஞ்சூரிலிருந்து தினமும் பஸ். காயத்துக்குக் கட்டுப் போடும் அறையின் ஜன்னல் ஏரியைப் பார்த்திருக்கும். பத்து மணி வெயில் தண்ணீரில் பட்டு உள்ளே வந்து, மேல்கூரையில் நெளிந்துகொண்டே இருக்கும். அதையே பார்த்துக்கொண்டிருந்தால் அறை மெல்ல மிதப்பது போலத் தோன்றும். வலியோடு வருகிறவர்களுக்கு அதெல்லாம் கண்ணில் படாது. எனக்குப் படும். நான் கொஞ்சம் கனவுப் பேர்வழி. கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறவள் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

அந்தச் சமயத்தில்தான் மூன்று நாள் பயிற்சி ஒன்றுக்குப் போய்வந்திருந்தேன். ஊசி, தையல், கட்டு மாற்றுவது போன்ற நேரங்களில் மனதை நிலைப்படுத்தி வலியைத் தாங்குவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். மூச்சைக் கவனிப்பது, உடம்பில் நடப்பதை எதிர்க்காமல் பார்ப்பது என்று என்னென்னவோ சொன்னார்கள். பாதியைக் கேட்டேன். மீதி, மதியச் சாப்பாட்டுக்குப் பின் வந்த தூக்கத்தில் போய்விட்டது. என் மண்டையில் ஏறியது ஒன்றுதான், நோயாளியை அமைதியான ஓர் இடத்தை நினைக்கச் சொல்ல வேண்டும். உடனே செல்போனில் கடல் அலைச் சத்தம் ஒன்றை இறக்கி வைத்துக்கொண்டேன். முதலில் ஒரு ரிடையர்டு வாத்தியாருக்குப் போட்டேன். கட்டு மாற்றி முடிப்பதற்குள் மனிதர் குறட்டையே விட்டுவிட்டார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்து வந்தவள்தான் அவள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். ஏரியில் இறங்கி வெறும் கையால் இறால் பிடிக்கிறவள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்த வாக்கில் நகர்ந்து, அடிச்சேற்றைத் தடவித் தடவிப் பிடிக்க வேண்டும். இரண்டு கையும் வேலையில் இருப்பதால், பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். அப்படித் தடவும்போது ஒரு கெளுத்தி மீனின் முள் அவளுடைய வலது கையில், நடுவிரலுக்குக் கீழே ஏறிவிட்டது. மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள். சீழ் வைத்து, சென்னை ஆஸ்பத்திரியில் கீறிச் சுத்தம் செய்துகொண்டு வந்திருந்தாள்.

புண்ணைத் தைக்காமல் உள்ளே துணித்திரி வைத்திருந்தார்கள். தினமும் பழைய திரியை உருவி, கழுவி, புதிதாக வைக்க வேண்டும். மாத்திரை கொடுத்தாலும் உருவும்போது உயிர் போய் உயிர் வரும். ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று எங்கள் டாக்டர் சொல்லியிருந்தார். அந்த விரல் போனால் அவளுக்கு ஏரியே போன மாதிரி.

"கண்ண மூடிக்கோம்மா. அமைதியான கடற்கரைய நினைச்சுக்கோ" என்று குரலைக் குழைத்துச் சொல்லிவிட்டு, செல்போனில் அலையை ஓடவிட்டேன். திரியின் நுனியைப் பிடித்து இழுக்க ஆரம்பித்ததுதான் தாமதம், அவள் கண்ணைத் திறந்துவிட்டாள்.

"யக்கா, அந்த அலைச் சத்தத்த நிறுத்துக்கா!"

"ஏம்மா? நல்லாத்தானே இருக்கு?"

"இன்னா நல்லா கீது? காத்து மாறி அடிக்கிற சத்தம்க்கா அது. எங்கூட்டுக்காரு போட்டுல போயிக்கிறாரு. வெடியறதுக்கு முன்ன போனவரு, இன்னும் கரைக்கு வரல."

சொல்லிக்கொண்டே கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். திரி பாதியில் அறுந்து, ரத்தம் வந்துவிட்டது. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, கடலைப் பார்க்க வெளியே ஓடிவிட்டாள். செல்போனில் அலை அடித்துக்கொண்டே இருந்தது. குப்பத்துப் பெண்ணுக்குக் கடலைக் காட்டித் தாலாட்டுப் பாடிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்!

அவள் கணவர் மதியமே பத்திரமாகக் கரையேறிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். ஆனால் அவள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அந்த விரல் போனால் அதற்கு முள் பாதிக் காரணம், நான் பாதி.

மூன்றாவது நாள் காய்ச்சலோடு வந்தாள். கை வீங்கியிருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "ரெண்டு நாள் பார்க்கலாம். குறையலைன்னா சென்னைக்குத்தான் போகணும். விரலைக் காப்பாத்துறது கஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். செல்போனை நான் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

"அன்னைக்கு நான் செஞ்சது தப்பும்மா. மனசுல வச்சுக்காதே" என்றேன்.

அவ்வளவு காய்ச்சலிலும் சிரித்தாள். "வுடுக்கா. நீ ரயிலு ஊருக்காரி, உனக்கு இன்னா தெரியும்?"

கையில் அவள் சுற்றியிருந்த துணியைப் பிரிக்கத் தைரியம் வராமல், பேச்சை வளர்த்தேன். கண்ணுக்கே தெரியாத சேற்றில் எப்படித்தான் கையை விடுகிறாய், பயமாக இருக்காதா என்று கேட்டேன்.

"பயந்தா கை வெறச்சிக்கும்க்கா. வெறச்ச கைக்கு ஒண்ணும் தெரியாது. தளத்தி வுட்டா அதுவே பாக்கும். இது சிப்பி, இது கல்லு, இது இறாலுன்னு. நெனப்பு மட்டும் வேற எங்கயும் போவக் கூடாது. அன்னிக்கி தங்கச்சிகூட போட்ட சண்டையவே நெனச்சிக்கினு இருந்தேன், கெளுத்தி போட்டுடுச்சி."

பயிற்சியில் நான் தூங்கித் தொலைத்த பாதி, அந்த நேரத்தில் அவள் வாயிலிருந்து வந்தது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் தைரியமாகவும் இருந்தது. "அப்படியே இதையும் பாரேன். கடற்கரைக்கெல்லாம் போக வேணாம். அந்தக் கைக்குள்ளயே இரு. அங்க என்ன இருக்குன்னு மட்டும் பாரு" என்றேன்.

"அப்ப கடிக்க எதனா குடுக்கா. பல்லுல பறி இல்லன்னா எனக்குத் தடவ வராது."

சுத்தமான துண்டு ஒன்றைச் சுருட்டிக் கொடுத்தேன். கடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். மூச்சு நீளமாக மூக்கு வழியாகப் போய்வந்தது. கொஞ்ச நேரத்தில் அவளுடைய இடது கை, மேஜை விரிப்பின் மேல் தானாக நகர ஆரம்பித்தது. விரல்களை விரித்து, அவசரமே இல்லாமல், சேற்றைத் தடவுகிற மாதிரி. நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே, அன்று அறுந்து உள்ளே நின்ற மீதித் திரியை உருவினேன். அது நகர்ந்தால் நானும் இழுப்பேன். அது நின்றால் நானும் நிறுத்துவேன். கூரையில் ஏரியின் வெளிச்சம் நெளிந்தது. வெளியே யாரோ படகைத் தள்ளுகிற சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. நானும் அவளோடு இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து நகர்வது போல இருந்தது. எவ்வளவு நேரம் அப்படிப் போனது என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

வலி இல்லாமல் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அவள் கண்ணோரம் தண்ணீர் வழிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் கையை இழுக்கவில்லை.

திரி முழுதும் வந்துவிட்டது. புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தேன். இடது கை சட்டென்று நின்றது. வந்த வழியே திரும்பிப் போய், ஓர் இடத்தில் இரண்டு விரலை மட்டும் ஊன்றியது. அவள் துண்டை வாயிலிருந்து எடுத்தாள்.

"யக்கா, உள்ள இன்னாவோ கீது. புண்ணு வலி பூரா பரவிக் கீது, சேறு மாதிரி. இது மட்டும் ஒரே எடத்துல நிக்குது. விரலுக்கு அடியில. முள்ளுதான்க்கா அது."

அதெல்லாம் அங்கேயே சுத்தம் பண்ணியிருப்பார்கள் என்ற பதில் என் நாக்கு நுனி வரை வந்தது. கடற்கரையை நினைக்கச் சொன்ன வாய்தானே என்று அதை விழுங்கிவிட்டு, டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, அவள் சொன்ன இடத்தில் விலக்கிப் பார்த்தார். அரை அரிசி அளவுக்கு, பழுப்பு நிறத்தில், ஓரமெல்லாம் ரம்பப் பல்லோடு ஒரு முள் முனை வந்தது. தட்டில் அது விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன்.

"கைக்குத் தெரியும்க்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், அப்படியே படுத்துத் தூங்கிவிட்டாள்.

நான்கே நாளில் வீக்கம் வடிந்தது. விரல் லேசாக வளைந்துதான் நிற்கிறது, ஆனால் நிற்கிறது. தை பிறப்பதற்குள் அவள் ஏரியில் இறங்கிவிட்டாள். எனக்கு இன்றும் பயம் தரும் நினைப்பு ஒன்று உண்டு. அந்த வாத்தியாரைப் போல அவளும் என் அலைச் சத்தத்தில் அயர்ந்து தூங்கியிருந்தால், அந்த முள் உள்ளேயே இருந்திருக்கும்.

போன வருடம் எனக்கு ஒரு கட்டி வந்து, சென்னையில் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற சின்னப் பெண், "அந்தப் பக்கம் திரும்பிக்கோங்கம்மா, வேற ஏதாவது நினைச்சுக்கோங்க" என்றாள். பாவம், என்னைப் போலத்தான் அவளும். நான் கண்ணை மூடினேன். பயத்தில் தோள் விறைத்திருந்தது, அதைத் தளர்த்தினேன். அப்புறம் என் இடது கை விரிப்பின் மேல் மெல்ல நகரத் தொடங்கியது. பல்லில் பறி மட்டும்தான் இல்லை.

கட்டியில் பயப்பட ஒன்றுமில்லை என்று முடிவு வந்துவிட்டது; ஆனால் அந்த ஐந்து நிமிடமும் எங்கும் ஓடிப்போகாமல் என் உடம்புக்குள்ளேயே நான் இருந்தேன் என்றால், அது நான் பயமுறுத்தி ஓடவைத்த ஒருத்தி, திரும்பி வந்து எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது.