சங்கவிக்குக் கொடுத்த வேலை

புசல்லாவைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை. என் சிநேகிதி மாலதி அங்கே டீச்சர். பிள்ளைகள் பஸ் தரிப்பிடத்தைச் சுத்தம் செய்யச் சிரமதானம் போடப் போகிறார்கள், நீயும் வா என்றாள். போன மாதம் கண்டியிலிருந்து பஸ் ஏறினேன்.

முதல் நாள் விளக்குமாறே எடுக்கவில்லை. மாலதி ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அங்க போனா என்னென்ன கெட்டது நடக்கலாம்?"

நல்ல காரியத்துக்குப் போகும்போது இப்படியா கேட்பது? எனக்குச் சுருக்கென்றது. பிள்ளைகளுக்கோ ஒரே குஷி! போத்தல் துண்டு குத்தும்... அட்டை கடிக்கும்... பஸ் இடிச்சிரும்... ஒவ்வொன்றுக்கும் மாலதி விடவில்லை. "அப்ப என்ன செய்வோம்?" கையுறை போடுவோம். நீளக் காலுறை போடுவோம். ரோட்டுப் பக்கம் பெரியவங்க மட்டும் கூட்டட்டும்.

கடைசியில் சங்கவி என்ற சிறுமி மெதுவாகச் சொன்னாள்.

"குளவி."

"பயந்தாங்கொள்ளி!" என்றான் தினேஷ். எல்லோரும் சிரித்தார்கள். மாலதி சிரிக்கவில்லை. கொழுந்து பறிக்கப் போன சங்கவியின் அம்மாவைக் குளவி கொட்டி, ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தது அவளுக்குத் தெரியும்.

"குளவிக்கு என்ன செய்யணும், நீயே சொல்லு."

"முதல்ல மேல பார்க்கணும் டீச்சர். கூடு இருந்தா கல்லு எறியக்கூடாது. சத்தம் போடாம திரும்பி வந்துரணும்."

"சரி. மேல பார்க்கிற வேலை உனக்கு."

அடுத்த சனிக்கிழமை எல்லோர் கண்ணும் குப்பையில் – என் கண்ணும்தான். சங்கவி மட்டும் அண்ணாந்தபடி முன்னால் நடந்தாள். தரிப்பிடத்தை நெருங்கும்போது சட்டென்று நின்று, இரண்டு கையையும் விரித்தாள்.

"போகாதீங்க..."

தரிப்பிடத்துக்குப் பின்னாலிருந்த மரக் கிளையில் கறுப்பாக ஏதோ அசைந்தது. தினேஷோ அவளைத் தாண்டிப் போய், அதே கிளையில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் பையைத் தட்டிவிட விளக்குமாற்றை உயர்த்திவிட்டான்! சங்கவி எட்டி அவன் சட்டையைப் பிடித்தாள்.

"கீழ வை. மெதுவா."

வைத்தான். பஸ்ஸுக்கு நின்றவர்களையும் அழைத்துக்கொண்டு சத்தமில்லாமல் திரும்பினோம். மாலதி தோட்ட ஆபீசுக்கு போன் செய்தாள்.

பாடசாலைக்கு வந்ததும் சங்கவி அழுதுவிட்டாள். "என்னாலதானே எல்லாம் நின்னு போச்சு..."

தினேஷ் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். தன் பணிஸ் ரொட்டியைப் பிய்த்துப் பெரிய பாதியை அவளிடம் நீட்டினான்.

"நான் இன்னொரு தடவை பயந்தாங்கொள்ளின்னு சொல்ல மாட்டேன். சாப்பிடு."

விஷயம் தெரிந்தவர்கள் வந்து கூட்டை அகற்றினார்கள். அதன்பிறகுதான் சிரமதானம். சங்கவியின் அம்மா எல்லோருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தார். ஆனால் ரோட்டோரத்திலேயே நின்றுவிட்டார். கொட்டு வாங்கிய பிறகு அவர் மரத்தடிப் பக்கமே போனதில்லையாம்.

சங்கவி ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"நான் பார்த்துட்டேம்மா. ஒண்ணுமில்ல. வாங்க."

வந்தார்!

பிள்ளை பயப்படுகிறதா? விரட்டாதீர்கள்... அந்தப் பயத்துக்கும் ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள்.