பிலோமினம்மாளின் பித்தளைத் தகடு

புக்கிட் மேராவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலேயே இருக்கும் ஆம்ப்ரோஸ் அண்ணன் கப்பல் பட்டறையில் உழைத்து ஓடாய்த் தேய்ந்தவர். மூட்டுத் தேய்மானம் என்று டாக்டர் சொன்னபோதுகூடச் சிரித்தார். "செருப்பு தேயுது, நிலா தேயுது, என் முட்டி தேயக் கூடாதா?" என்றார். எதைச் சொன்னாலும் இப்படி மடக்கிவிடுவார் மனுஷன். அவரையே ஒரு பித்தளைத் தகடு மடக்கிவிட்டது.

மனைவி பிலோமினம்மாள் அக்கா இறந்த வருடம், எங்கள் மாதா கோவிலுக்கு ஒரு பெஞ்சு வாங்கிக் கொடுத்து, அதில் அக்காவின் பெயர் பொறித்த தகட்டைப் பதித்தார். அன்றிலிருந்து வருடக்கணக்காகச் சனிக்கிழமைதோறும் மாலைப் பூசைக்கு முன்னால் அதற்குப் பாலிஷ் போடுவார். அதென்ன தேய்ப்பு! "போதும்ணே, இதுல முகம் பார்த்து ஃபாதர் தலை சீவலாம்" என்று கேலி செய்வேன். காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

போன மாதம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தகடு தங்கமாய் மின்னியது. எழுத்துகளைக் காணோம். 'பி' மட்டும் நகத்தால் கீறினாற்போல் கொஞ்சம் தெரிந்தது.

"நானே அவ பேரை அழிச்சிட்டேன் பாரும்மா" என்றார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

தகட்டைக் கழற்றிக்கொண்டு, லிட்டில் இந்தியாவில் பெயர்ப்பலகை வெட்டும் செல்லக்கண்ணுவிடம் போனோம். அவர் விரலால் தடவிப் பார்த்தார்.

"தேய்மானம், அங்கிள். பாலிஷ் போட்டு இவ்ளோ தேய்ச்சா இரும்பே தாங்காது லா. புதுசு செஞ்சிடலாம்."

"வேணாம். இதுலயே வெட்டுங்க."

"சரி, வெட்டித் தரேன். ஆனா இனிமே தேய்க்கக் கூடாது, ஓகேவா? துணியால தூசி தட்டினா போதும்."

அண்ணன் சட்டென்று தகட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "தேய்க்காம எப்படிங்க? அந்த நேரத்துலதான் நான் அவகூடப் பேசுறதே."

செல்லக்கண்ணு என்னைப் பார்த்தார். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அங்கிளுக்கு என்ன வயசு?"

"எழுபத்தாறு" என்றேன்.

அண்ணன் கையிலிருந்து தகட்டை அவர் மெல்ல எடுத்துக்கொண்டார். "எவ்ளோ ஆழம் போகுமோ அவ்ளோ ஆழமா வெட்டுறேன், அங்கிள். நீங்க இருக்கிற வரைக்கும் தேய்ச்சுக்கிட்டே இருங்க."