நாகேஸ்வரி போட்ட கூடுதல் சாப்பாடு

நாகேஸ்வரிக்குக் கொஞ்சம் தாராளக் கை. கொக்குவிலில் அவள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர்கள் "போதும், போதும்" என்று கையால் மறித்தாலும் விரலிடுக்கால் குழம்பு விழும். அந்தக் கையோடுதான் எழுபத்தொன்பதாம் ஆண்டில் பல்கலைக்கழக வளாகத்து ஆய்வுகூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தாள்.

கோழிக் கருவிலிருந்து பிரித்த உயிரணுக்களைக் கண்ணாடிக் குப்பிகளில் வளர்ப்பது அவள் வேலை. அவற்றுக்குச் சாப்பாடு ஓர் இளஞ்சிவப்புத் திரவம். அதில் கன்றின் இரத்தத்தில் எடுத்த சீரத்தை அளவாகக் கலக்கவேண்டும். நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தால் அவளுக்குப் பொழுது போவது தெரியாது. வெளிச்சத்துக்குள் சின்னச் சின்ன உடல்கள் ஒன்றையொன்று தொட்டபடி கிடக்கும். பிள்ளை இல்லாத அவளின் கனவிலும் அவை வந்து பசிக்குதென்று நின்றன. பசித்தவர்களுக்கு அளந்து போடுவதா? சொன்னதற்கு மேலே இன்னும் கொஞ்சம் சீரம் விட்டாள். குப்பிகள் செழித்தன. "உமக்கு நல்ல கைராசி" என்றார் டொக்டர் கனகரத்தினம்.

வெங்காயத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்து உயிரணுக்களைக் கொல்லுமா என்பதுதான் டொக்டரின் ஆராய்ச்சி. குப்பிகளில் மருந்தை விட்டுப் பார்த்தார். ஒன்றும் சாகவில்லை.

அன்று நாகேஸ்வரி கால் நிலத்தில் படாமல் வீட்டுக்கு வந்தாள். அவள் கணவன் பொன்னம்பலம் தோட்டத்தில் அடிப்பது அதே மருந்து. முகத்தில் சால்வை கட்டினால் மூச்சு முட்டுது என்று அவருக்கு எப்போதும் முறைப்பாடு.

"இனிக் கட்டாமல் அடியுங்கோ. அது ஒண்டும் செய்யாது. நானே கண்ணாலை பாத்தனான்."

"வளாகத்திலை பெண்சாதி இருந்தால் உதுதான் லாபம்" என்று அவர் சால்வையைக் கழற்றி வேலியில் போட்டார். மாரிகாலத்தில் அவருக்கு இருமல் பிடித்தது. பனிதான் என்று இருவரும் நம்பினார்கள்.

பிறகு மானிப்பாயில் மாமி செத்துப்போனா. எட்டாம் நாள் எட்டுச்செலவுச் சடங்கு முடியும்வரை நாகேஸ்வரி அங்கே நிற்க, கூட வேலைசெய்த பத்மாசினி குப்பிகளைப் பார்த்தாள். அவள் அளவென்றால் அளவு.

திரும்பி வந்து பார்த்தால், டொக்டர் மறுபடி மருந்து விட்ட குப்பிகளில் உயிரணுக்கள் சுருங்கி, பிடிவிட்டு மிதந்தன.

"பட்டினி போட்டுச் சாக்காட்டிப்போட்டியேடி!" என்று நாகேஸ்வரி பத்மாசினியிடம் பாய்ந்தாள்.

டொக்டர் மறித்தார். "மருந்து விடாத குப்பியளுக்கும் அதே சாப்பாடுதான். அதெல்லாம் உயிரோடை கிடக்குது. நீர் எவ்வளவு சீரம் விட்டனீர்?"

"கொஞ்சம்... கூட."

டொக்டர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "சீரத்திலை உள்ள புரதம் மருந்தைப் பிடிச்சு வைச்சிருக்கும். உம்மடை குப்பியளிலை மருந்து உயிரணுவைத் தொட்டே இருக்காது."

அவள் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுக் கிடைத்த பஸ்ஸில் ஏறினாள்.

தோட்டத்தில் வெயில் சாய்ந்திருந்தது. மருந்துத் தூவல் பொன்னிறமாய் மிதக்க, அதற்குள்ளே பொன்னம்பலம் வெறும் முகத்தோடு இருமி இருமி நடந்துவந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவள் வரம்பு பாராமல், வெங்காயத்தை மிதித்துக்கொண்டு அந்த மருந்து மூட்டத்துக்குள் ஓடினாள்.

"நிப்பாட்டுங்கோ! எல்லாம் செத்துப்போச்சு!"

"ஆரப்பா செத்தது?" என்று அவர் வாய் நிறையச் சிரித்தபடி கேட்டார்.

அவள் எட்டி அந்த வாயைப் பொத்தினாள்.