இந்தப் பக்கம் பாருங்க

சேலையூர் பென்னிக்கு முப்பத்தாறு வயது. பதினாலு வருடமாகக் கல்யாண வீடியோ எடுத்தே பிழைத்தவர். தாம்பரத்திலிருந்து பெரும்பாக்கம் வரை அவர் சொல்லாமல் ஒரு மாப்பிள்ளையும் சிரித்ததில்லை. "இந்தப் பக்கம் பாருங்க, லேசா சிரிங்க" என்று தூக்கத்திலும் உளறுவதாக அவர் மனைவி ஏஞ்சல் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

பிறகு சிறுசேரி ஐ.டி. பிள்ளைகளுக்கு, யாரும் கேமராவைப் பார்க்காத கல்யாண வீடியோதான் வேண்டும் என்று ஆகிவிட்டது. நேற்று தாடி முளைத்த பையன்கள் தொழிலைக் கொத்திக்கொண்டு போனார்கள். ரோஷம் தாங்காமல் பென்னி, சினிமாவும் ஊடகமும் சேர்த்துச் சொல்லித்தரும் எம்.ஏ.வில் போய்ச் சேர்ந்துவிட்டார். முதல் நாள் பாதி வகுப்பு அவரைப் பேராசிரியர் என்று நினைத்து எழுந்து நின்றது. அவரும் பெருந்தன்மையாக உட்காரச் சொன்னார்.

கடைசி செமஸ்டரில் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஆவணப்படம் எடுக்க வேண்டும். தேறாவிட்டால் இருவருக்கும் பட்டம் இல்லை. பென்னிக்கு ஜோடியாக வாய்த்தவள் ஜஹீரா, இருபத்திரண்டு வயது, வகுப்பில் முதல் மார்க். கோவளம் மீன் ஏலத்தை எடுப்பது என்று முடிவாயிற்று. எடுக்கப் போகிற அன்று பார்த்து அவளுக்குக் காய்ச்சல். பென்னி தனியாகப் போய் எடுத்து வந்தார்.

அதைப் பார்த்த ஜஹீரா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஏலம் விடுகிறவரும் வாங்குகிறவர்களும் வரிசையாக நின்று கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மீன் விற்கும் ஞானம்மாள் ஒரு வஞ்சிரத்தைச் சீர்த்தட்டு மாதிரி ஏந்தி நிற்கிறாள்.

"இது ஆவணப்படமா அண்ணா, ரிசப்ஷனா?"

பென்னி கூனிக்குறுகிப் போனார். தன் பட்டம் போனால் போகட்டும், இந்தப் பிள்ளையின் படிப்பும் தன்னால் பாழாகிறதே என்று வேதனைப்பட்டார்.

மறுநாள் காலை இருவரும் கோவளத்துக்கு பஸ் ஏறினார்கள். பென்னி வாயைத் திறக்கக் கூடாது என்று ஜஹீரா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு எடுத்தார். ஐந்தே நிமிடத்தில் ஞானம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இன்னாண்ணா, கோவமா? வருசா வருசம் காலேஜ் பசங்க வந்துகினுதான் கீறாங்க. மீனை எடுப்பாங்க, செதில் ஒட்டின என் கையை எடுப்பாங்க. நீதான் பேரைக் கேட்டு, மூஞ்சியைக் காட்டச் சொன்ன. இன்னிக்கும் சொல்லு."

பென்னி ஜஹீராவைப் பார்த்தார். போன வருடம் பரிசு வாங்கிய சீனியர்களின் படத்தில் அந்தக் கையை அவள் பார்த்திருக்கிறாள். அது யாருடையது என்று அவளுக்குக் கேட்கத் தோன்றியதே இல்லை. வெட்கமாக இருந்திருக்க வேண்டும். பென்னியை எப்போதும்போலச் சொல்லச் சொன்னாள்.

திரையிட்ட அன்று படம் முழுக்கக் கோவளத்து முகங்கள் நேராகப் பார்த்தன. விளக்கைப் போட்டதும் பேராசிரியர் ரோஹிணி, ஆட்களை கேமராவைப் பார்க்கச் சொன்னது யார் என்று கேட்டார். பழியைத் தானே ஏற்பதென்று வந்திருந்த பென்னி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். அதற்குள் ஜஹீரா எழுந்துவிட்டாள்.

"நாங்கதான் மேடம். ரெண்டு பேரும்."

இருவருக்கும் பி கிரேடுதான் கிடைத்தது. முதலிடத்தைக் கோட்டைவிட்ட ஜஹீரா சிரித்துக்கொண்டிருந்தாள். பென்னிதான் கர்ச்சீப்பைத் தேடினார்.