வேலூருக்குப் போன மனு

திருவண்ணாமலை தனி மாவட்டமான பிறகு வந்த முதல் கோடையில், அடி அண்ணாமலையில் எங்கள் தெரு அடிபம்பு வெறும் காற்றைத்தான் கொடுத்தது. பெண்கள் குடத்தோடு ஏரிக்கரைக் கிணற்றுக்கு நடந்தார்கள். மனு கொடுக்க வேண்டும் என்று பேச்சு வந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேலூர் கலெக்டர் ஆபீஸுக்குப் போய் வந்தவன் தெருவிலேயே நான் ஒருவன்தான். அப்படிப் போனதில் எந்த வேலையும் நடக்கவில்லை என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. அவ்வளவு பெரிய கட்டடத்துக்குள் நுழைந்து முழுசாகத் திரும்பி வந்ததற்கே டீக்கடை பெஞ்சில் எனக்கு இடம் விடுவார்கள்.

கலெக்டர்தான் நம்ம ஊருக்கே வந்துவிட்டாரே, அங்கே கொடுக்கலாமே என்றாள் மனைவி. எனக்குச் சிரிப்பு வந்தது. நாற்காலிகூட வந்து சேராத புது ஆபீஸ். சைக்கிளில் போய்க் கொடுக்கிற மனுவுக்கு என்ன மரியாதை?

"பெரிய ஆபீஸ்னா பவர் ஜாஸ்திடி."

"இருந்துட்டுப் போவட்டுங்க. அங்கேருந்து பாத்தா நம்ம தெரு தெரியணுமே."

இஸ்திரிச் சட்டை, எலுமிச்சை சாதப் பொட்டலம் சகிதம் வேலூர் பஸ் ஏறினேன். அங்கே இருந்த குமாஸ்தா, உங்கள் ஜில்லாவைப் பிரித்தது தெரியாதா என்று கேட்டார். தெரியும் என்றேன். உடனே பக்கத்து மேஜைக்காரரையும் கூப்பிட்டு என்னைக் காட்டினார். கோட்டை அகழியோரம் சாதத்தைத் தின்றுவிட்டுத் திரும்பினேன்.

சாயங்காலம் எங்கள் தெருவில் ஒரு ஜீப் நின்றது. நான் பஸ் ஏறியதுமே என் மனைவி தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு, காலிக் குடங்களோடு புது ஆபீஸுக்குப் போயிருக்கிறாள். எந்தத் தெரு என்று கேட்ட ஆபீசரிடம், பக்கம்தான், வந்து பாருங்க என்றிருக்கிறாள். அவரும் வந்துவிட்டார். அவரோடு வந்த ஆட்கள் பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். இஸ்திரி கலைந்த என்னைக் காட்டி யார் என்று ஆபீசர் அவளிடம் கேட்டார்.

"எங்க வூட்டுக்காரருங்க. வேலூர்ல ஒரு வேலையா போயிருந்தாரு," என்றாள், முகம் மாறாமல்.

மாவட்டம் சின்னதானதில் நஷ்டம் எனக்கு மட்டும்தான். மனுவோடு வாசலுக்கு வருகிறவர்கள் இன்றும் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "அக்கா இல்லீங்களா?" என்கிறார்கள். உள்ளே இருக்கிறாள் என்று சொல்லும்போது என் நெஞ்சு ஒரு சுற்று பெருத்துவிடுகிறது.

பம்பில் தண்ணீர் வந்த அன்று, முதல் குடத்தை அவள்தான் அடித்து நிரப்பினாள். தூக்கி என் தோளில் வைத்தாள். வேலூர் வரை போய் வந்த தோள் என்பதால், தெருவே பார்க்க, நிமிர்ந்து நடந்தேன்.